அப்பாவின் மூச்சிரைப்புக்கு டாக்டர் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மகன்களே, மகள்களே, மருமகள்களே (லீவு போட்டுவிட்டுக் கூடவே போய் டோக்கன் வாங்கி உட்காருவது பல வீடுகளில் மருமகள்தான் என்பதால் தனியாகக் கூப்பிட வேண்டியிருக்கிறது),



அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அம்மாவுக்கு மூன்று மாதமாக இருமல் நிற்கவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் ‘நல்ல செஸ்ட் ஸ்பெஷலிஸ்ட் யாராவது தெரியுமா?’ என்று யாரோ கேட்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் ஆறு பெயர் வந்து விழுகிறது. அதில் ஒருவர் இதய டாக்டர், ஒருவர் பொது மருத்துவர், ஒருவர் எப்போதோ தொழிலை விட்டு ஓய்வு பெற்றவர். அடுத்த கேள்வியும் உடனே வருகிறது: ‘அங்க கேஷ்லெஸ் உண்டா?’

இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே ஆளிடம் கேட்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நம் நாட்டில் கேஷ்லெஸ் என்பது பெரும்பாலும் மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். டாக்டர் அதில் ஒரு தரப்பே அல்ல. காலையில் பெரிய மருத்துவமனையில் பார்க்கும் அதே நிபுணர், மாலையில் தெருமுனையில் இருக்கும் சொந்த கிளினிக்கில் பார்க்கும்போது உங்கள் பாலிசி அட்டைக்கு அங்கே வேலையில்லை; ரொக்கம் அல்லது ஜிபே. காலையில் பார்த்தாலும், படுக்கையில் சேர்த்தால்தான் பாலிசி பேசத் தொடங்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஆஸ்துமாவோ, சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ, நுரையீரல் தழும்பு நோயோ, பணம் கரைவது முக்கால்வாசி ஓ.பி.யில், அதாவது படுக்கையில் சேராமல் பார்க்கும் சிகிச்சையில்தான். மாதாமாதம் இன்ஹேலர், ஊதிப் பார்க்கும் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், வீட்டுக்கு ஆக்சிஜன். ஓ.பி. செலவுக்கென்று தனிப் பிரிவு சேர்த்து வாங்காத வழக்கமான பாலிசி, அட்மிஷனை ஒட்டிய செலவாக இல்லாவிட்டால், இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தரப்படுத்தி வைத்திருக்கும் விலக்குகளில் நான்காவது, வெறும் பரிசோதனைக்காகவும் நோயைக் கண்டறிவதற்காகவும் மட்டும் அட்மிட் ஆவதைப் பற்றியது. ‘ஒரு நாள் சேர்ந்து எல்லா டெஸ்ட்டையும் எடுத்துடலாம், கிளெய்ம் பண்ணிக்கலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால், அந்தக் கிளெய்ம் எந்த விதியைக் காட்டித் திரும்பும் என்பது இப்போதே தெரிந்த விஷயம். மருத்துவமனை பில்லில் தனியாக எழுதப்படும் நெபுலைசர் கிட், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்), வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆக்சிஜன் சிலிண்டர் ஆகியவையும், பாலிசியில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய, ‘தராதவை’ பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே கேஷ்லெஸ் உள்ள டாக்டரைத் தேடிப் பயனில்லை. டாக்டரை டாக்டராகத் தேடுங்கள்; அட்மிஷன் என்று வந்தால் எந்த மருத்துவமனை என்பதைத் தனியாக முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. வயதானவருக்கு மூச்சு வாங்கினால் அது நுரையீரல்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இதயம் தளர்ந்தாலும் மூச்சு வாங்கும்; ரத்தசோகை இருந்தாலும் வாங்கும். பக்கத்துப் பொது மருத்துவர் ஒரு ஈசிஜி, ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு ‘இது செஸ்ட் பக்கம், அங்கே போங்க’ என்று சொன்னால், உங்களுக்கு மிச்சமாவது நிபுணரின் ஃபீஸ் மட்டுமல்ல, பல வாரங்களும்தான். உதடு நீலம் பாரித்தால், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு அறுந்தால், அப்போது நிபுணர் தேடல் எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அருகில் உள்ள எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

இப்போது கிளினிக் வாசல் போர்டுக்கு வருவோம். நுரையீரல் டாக்டர் என்பதற்கு ஆதாரமான பட்டங்கள் அதிகமில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று ஆண்டு படிக்கும் எம்.டி.; அடைப்புக்குறிக்குள் ‘ரெஸ்பிரேட்டரி மெடிசின்’ என்றோ, ‘பல்மனரி மெடிசின்’ என்றோ, கொஞ்சம் பழைய பட்டமானால் ‘டி.பி. அண்ட் ரெஸ்பிரேட்டரி டிசீஸஸ்’ என்றோ இருக்கும். அதே துறையில் டி.என்.பி. பட்டமும் இருக்கிறது. டி.டி.சி.டி. என்ற டிப்ளமோ பல மூத்த டாக்டர்களிடம் உண்டு. முப்பது வருஷம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தே பழகிய கை பல நேரம் இந்த டிப்ளமோக்காரருடையதுதான்; அதைக் குறைவாக எண்ண வேண்டாம். எம்.டி.க்கு மேல் இன்னும் மூன்று ஆண்டு படிப்பது டி.எம். சாதாரண ஆஸ்துமாவுக்கு டி.எம். தேடி ஊர் ஊராக அலைய வேண்டிய அவசியமில்லை.

குழப்புவது மற்ற எழுத்துகள். ‘எம்.டி.’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பொது மருத்துவமாகவும் இருக்கலாம், சித்த மருத்துவமாகவும் இருக்கலாம், ஹோமியோபதியாகவும் இருக்கலாம். ரஷ்யா போன்ற நாடுகளில் படித்துவிட்டு வந்தவரின் எம்.டி. பல சமயம் நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமான அடிப்படைப் பட்டம்தான்; சிறப்புப் படிப்பு அல்ல. எஃப்.சி.சி.பி. என்பது அமெரிக்க நெஞ்சக மருத்துவர் அமைப்பு தரும் ஃபெல்லோ அந்தஸ்து. மதிப்பானதுதான், ஆனால் மற்றப் பட்டங்கள் இருக்கும் டாக்டருக்கு மேலே சூடும் பட்டை அது. அதுவே படிப்பு ஆகாது. போர்டில் இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

சரிபார்ப்பது கடினமில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்படி டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எழுதிவைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் போட வேண்டும். ஃபீஸ் எவ்வளவு என்பதையும் அறையில் தெரியும்படி வைக்க வேண்டும். அந்தத் துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆக, மருந்துச் சீட்டின் ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடினால் போதும். 1914-இல் வந்த மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழிவந்த கவுன்சில் அது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பதிவேடு வைத்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலும் நாடு முழுமைக்குமான பதிவேடு உண்டு. எம்.பி.பி.எஸ். பதிவு ஒன்று, மேற்படிப்பைக் கூடுதல் தகுதியாகப் பதிவது இன்னொன்று. மேற்படிப்பு தளத்தில் தெரியவில்லை என்பதற்காகவே டாக்டரைப் போலி என்று குழுவில் எழுதிவிடாதீர்கள். வேறு மாநிலத்தில் பதிந்திருக்கலாம், பதிவேடு புதுப்பிக்கப்படாமலும் இருக்கலாம். பெயரே இல்லை, எண் வேறு யாருக்கோ சொந்தம் என்றால் அது வேறு கதை. கிளினிக்குக்கும் பதிவு உண்டு: தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997-இல் வந்தது, அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. நம் அரசாங்க வேகத்துக்கு இது ஒன்றும் புதிதல்ல.

பதிவு எண் சரியாக இருப்பதாலேயே ஒருவர் நல்ல டாக்டராகிவிடுவாரா? இல்லை. அதற்கு அடையாளங்கள் அறைக்குள்தான் கிடைக்கும்.

நுரையீரல் டாக்டர் முதலில் கேட்க வேண்டியது கதை. என்ன வேலை பார்த்தீர்கள்? நூற்பாலையா, கல்குவாரியா, கிரைண்டிங் பட்டறையா? வீட்டில் விறகடுப்பா? பீடி எத்தனை வருஷம்? மாடியில் புறா வளர்க்கிறார்களா? ஏர்கூலர் இருக்கிறதா? கடைசி இரண்டு கேள்வியும் வம்புக்காகக் கேட்பவை அல்ல. இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து எடுத்த நுரையீரல் தழும்பு நோய்ப் பதிவேட்டின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. அதில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 47 சதவீதத்துக்குச் சற்று மேல், இருந்தது ஒவ்வாமையால் வரும் வகை. பறவைகளும் ஏர்கூலரும் சந்தேகத்துக்குரிய காரணிகளாக அதில் வருகின்றன. அந்தக் கேள்விகள் கேட்கப்படாவிட்டால், எக்ஸ்ரேயில் தெரியும் நிழலை டி.பி. என்று எண்ணி ஆறு மாதம் மாத்திரை விழுங்க வைக்கும் ஆபத்து நம் நாட்டில் எப்போதும் உண்டு. சளிப் பரிசோதனையில் எதுவும் வராமலே டி.பி. மருந்து தொடங்கினால், எதை வைத்து முடிவு செய்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். டி.பி.யேதான் என்று உறுதியானால் அதை அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் தனியார் டாக்டருக்கும் கட்டாயம். மருந்தும் அரசிடம் இலவசம்.

அடுத்தது ஊதிப் பார்ப்பது. சிஓபிடி என்று பெயர் வைக்க ஸ்பைரோமெட்ரி எனும் இந்தப் பரிசோதனை வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் கைக்கொள்ளும் அளவுகோல். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு ‘சிஓபிடி’ என்று எழுதி, ஐந்து வருஷமாக ஒரு முறையாவது ஊதச் சொல்லாத சீட்டுகள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. மருந்துக்கு முன்னும் பின்னும் என இரண்டு தடவை ஊதிய தாள் உங்கள் ஃபைலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மூன்றாவது, இன்ஹேலர். அதை எப்படிப் பிடிப்பது, எப்போது இழுப்பது, எத்தனை நொடி மூச்சை அடக்குவது என்று டாக்டரோ செவிலியரோ அப்பாவை அங்கேயே செய்து காட்டச் சொல்கிறார்களா? மறுபடி போகும்போது மறுபடி செய்யச் சொல்கிறார்களா? கைநடுங்கும் எழுபது வயதுக்காரருக்கு அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கூடிவராது. பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். ‘மருந்து கேட்கல டாக்டர்’ என்று மாற்றி மாற்றி விலை கூடின மருந்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஸ்பேசர் போதுமாக இருந்திருக்கும். ‘பஃப் எடுத்தால் பழகிப்போயிடும்’ என்ற பக்கத்து வீட்டு ஞானத்தைப் பொறுமையாக மறுத்துச் சொல்லவும் அந்த டாக்டருக்கு நேரம் இருக்க வேண்டும்.

இத்தனையும் கிடைக்கும் இடம் கண்ணாடிக் கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிறுத்தம். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கி, 1937-இல் அரசு எடுத்துக்கொண்ட காசநோய்ச் சானடோரியத்தால் வந்த பெயர் அது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. சேத்துப்பட்டிலும் ஓட்டேரியிலும் நெஞ்சக மருத்துவமனைகள் உண்டு, மதுரைக்காரர்களுக்குத் தோப்பூர். மாவட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ‘டி.பி. என்று ஊர் பேசும்’ என்று ஒதுங்குகிறவர்கள், அதே அரசுப் பேராசிரியரை மாலையில் ஃபீஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வரிசை நீளம்தான், உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் நாளெல்லாம் நுரையீரலை மட்டுமே பார்க்கும் டாக்டர்களின் கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

இனி பணம். அப்பா அம்மாவுக்கு எந்தக் காப்பீடு இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. இதில் கவனிக்க வேண்டியது, மருத்துவமனைகள் துறை வாரியாகத்தான் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. எலும்பு அறுவைக்கு அந்த அட்டையை வாங்கிக்கொள்ளும் அதே மருத்துவமனை, நெஞ்சு நோய்க்கு வாங்காமல் போகலாம். ‘திட்டம் இங்க இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்பார்கள். ‘இந்த நோய்க்கு, இந்தச் சிகிச்சைக்கு இருக்கா?’ என்று கேட்க வேண்டும்.

நீங்கள் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவரானால், உங்களை நம்பியிருக்கும், சொந்த வருமானம் மிகக் குறைவான பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. மில்லிலும் கடையிலும் வேலை செய்கிற எத்தனையோ பேர் அப்பா பெயரைச் சேர்க்காமலே விட்டிருக்கிறார்கள். முதலில் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனை என்பதுதான் அங்கே வழி.

தனியார் பாலிசியில் மூன்று இடங்களில் கண்ணை வையுங்கள். முதலாவது அறை வாடகை. மூன்று லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகை ஒரு சதவீதம் வரை, அதாவது நாளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். அப்பா சிரமப்படக் கூடாது என்று 6,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். ஐந்து நாள் அறைக்கு 30,000. டாக்டர், நர்சிங் உள்ளிட்டவற்றுக்கு 80,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் 60,000. அறையில் பாதிதான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டர், நர்சிங் கட்டணத்திலும் அதே விகிதத்தில் பாதி வெட்டப்படும் என்பது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிகிறது. மருந்து, பரிசோதனைகளில் அப்படி வெட்டக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. கணக்குப் போட்டால் 1,70,000 ரூபாய் பில்லில் 55,000 உங்கள் கையிலிருந்து. அறை வித்தியாசமோ வெறும் 15,000. அட்மிஷன் கவுன்டரில் ‘எந்த ரூம் சார்?’ என்று கேட்கும் அந்தப் பத்து வினாடியில் முடிவாகும் தொகை இது.

இரண்டாவது, ஏற்கெனவே இருந்த நோய். அதற்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் புதிய விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். பாலிசி வாங்கும்போது ஏஜென்ட் ‘ஆஸ்துமாவெல்லாம் எழுத வேணாம் சார், பிரீமியம் ஏறும்’ என்றால் கேட்காதீர்கள். 60 மாதம் தொடர்ந்து கட்டியபின், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் அப்பாவுக்கு அட்மிஷன் வந்து நிற்கும்.

இதன் இன்னொரு முகம் வார்டில் நடக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ட்யூட்டி டாக்டர் ‘எத்தனை வருஷமா இழுப்பு?’ என்று கேட்கிறார். அம்மா ‘அது சின்ன வயசுலேர்ந்தே இருக்கு தம்பி’ என்கிறார். ஆறு வயதில் வந்த சளியை நினைத்துச் சொன்ன பேச்சு அது. கேஸ் ஷீட்டில் ‘சிறுவயது முதல் ஆஸ்துமா’ என்று ஏறுகிறது. அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கு. அங்கிருந்து இன்சூரன்ஸ் மேஜைக்கு. பொய் சொல்லச் சொல்லவில்லை இந்த மடல். முதன்முதலில் டாக்டர் நோயென்று சொன்ன தேதி எது, அதற்கான சீட்டு எது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் கையெழுத்தாகும் முன் திருத்தக் கேளுங்கள். உள்நோயாளி ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் முன்சொன்ன 2002 விதிகளில் இருக்கிறது.

மூன்றாவது, கேஷ்லெஸ்ஸே. 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு கவுன்சில் அறிவித்த ஏற்பாட்டின்படி, பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். முன்கூட்டித் திட்டமிட்ட அட்மிஷன் என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். எமர்ஜென்சி என்றால் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள். மருத்துவமனை ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்தே படியுங்கள். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும் டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் சொல்லக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆகியும் ‘இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல’ என்று உட்கார்த்தி வைத்தால் இந்த மூன்று மணி நேரத்தை நினைவூட்டுங்கள். அட்மிஷனுக்கு முந்தின 30 நாள், பிந்தின 60 நாள் செலவையும் பல பாலிசிகள் தருகின்றன, அந்த ஓ.பி. பில்களைச் சீட்டோடு சேர்த்து வைத்திருந்தால்தான் கேட்க முடியும்.

மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, மறுத்து ஒரு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு பாலிசி நகல், மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். பாலிசி உங்கள் பெயரில் இருந்தால் கையெழுத்து உங்களுடையது. அப்பா பெயரில் இருந்தால் அவருடையது.